வற்றிய கெண்டைக்கால் தேறும்: முதுமையிலும் நாட்பட்ட நோயிலும் தசையைக் காக்கும் வழிமுறை

காலின் பின்புறச் சதை, கெண்டை மீனைப்போல நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கியிருப்பதால் அதைக் கெண்டைக்கால் என்கிறோம். இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கிழிந்த வலையைச் சீர்செய்துகொண்டிருந்த 72 வயதுப் பெரியவரின் காலில் அந்தக் கெண்டையைக் காணவில்லை. ஐம்பது ஆண்டுகள் வல்லம் எனும் நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். நெடுநாளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். மூன்று மாதங்களுக்கு முன் நிமோனியாவால் பன்னிரண்டு நாட்கள் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவர். வலை ஊசியைப் பிடித்திருந்த விரல்கள் இன்னமும் கயிறுபோல் முறுக்கேறியிருந்தன. கைலியை மடித்துக் கட்டியிருந்த காலிலோ தோல் எலும்பை விட்டுத் தளர்ந்து தொங்கியது. அவர் எழுந்து நிற்பதற்கு மகன் ஒரு பக்கமும் மருமகள் ஒரு பக்கமும் பிடிக்க வேண்டியிருந்தது. "வயசாயிருச்சும்மா, வத்தத்தான செய்யும்" என்றார்.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையுள்ள கடலோர ஊர்களில், வீடு தேடிச் சென்று இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் நான் இந்தச் சொற்களைக் கேட்காத வாரமில்லை. வயது ஒரு காரணம்தான். நோயும் ஒரு காரணம்தான். ஆனால் அவரது கை வற்றாமல் கால் மட்டும் வற்றியதற்குக் காரணம், கைக்கு வேலை இருந்தது, காலுக்கு இல்லை என்பதே. அத்துடன், மருத்துவமனையிலிருந்து வந்த நாளிலிருந்து "கவுச்சி ஆகாது" என்று மீனை நிறுத்தி, மூன்று வேளையும் கஞ்சியும் துவையலுமே அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அன்பினால் செய்ததுதான். அந்த அன்பை எந்தப் பக்கம் திருப்பினால் கால் தேறும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

உடலுக்குள் நடப்பது

தசை ஒருமுறை வளர்ந்து அப்படியே நிற்கும் பொருளன்று. அதிலுள்ள புரதம் நாள்தோறும் சிதைந்து நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. முப்பது வயதுக்குமேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது. அறுபதைத் தாண்டினால் இந்தக் குறைவு வேகமெடுக்கிறது. தசையின் அளவைவிட அதன் வலு இன்னும் விரைவாகக் குறைகிறது. இந்த முதுமைத் தசையிழப்புக்குச் 'சார்கோபீனியா' என்று 1989இல் பெயரிட்டவர் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க். சதை, இழப்பு ஆகிய இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அமைத்த பெயர் அது.

நோயால் வரும் மெலிவு இதனின்று சற்று வேறுபட்டது. காசநோய், புற்றுநோய், நாட்பட்ட நுரையீரல் நோய், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் ஆகியவற்றில் உடல் முழுவதும் ஒரு கனல் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கிறது. மருத்துவர்கள் அதை அழற்சி என்பார்கள். அந்த அழற்சியில் சுரக்கும் பொருள்கள் பசியை அணைப்பதோடு, தசையைக் கரைத்து எரிபொருளாக்கவும் செய்கின்றன. இதற்குக் 'கேக்கெக்சியா' என்று பெயர். காசநோயை எலும்புருக்கி என்று நம் முன்னோர் அழைத்ததில் இந்தக் கரைதலைக் கண்ணால் கண்ட துயரம் இருக்கிறது. இவ்வகை மெலிவை உணவால் மட்டும் முழுமையாகத் திருப்ப இயலாது. மெலிவுக்குக் காரணமான நோய்க்குரிய மருந்து முதலிலும், உணவும் பயிற்சியும் அதனோடு இணைந்தும் வர வேண்டும். சர்க்கரை நோயிலும் இதற்கு இணையான ஒன்று நிகழ்கிறது. தசை சிதையாமல் காப்பதில் இன்சுலினுக்குப் பெரும்பங்கு உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது தாகமும் சிறுநீரும் கூடுவதோடு தொடையும் தோளும் மெலிகின்றன.

இவை எல்லாவற்றையும்விட வேகமாகத் தசையைத் தின்பது படுக்கை. எந்த நோயும் இல்லாத முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்த ஓர் அமெரிக்க ஆய்வில், அவர்களது கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்தது. அந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. நோயோடு பன்னிரண்டு நாட்கள் கிடந்த பெரியவரின் கால் என்னவாகியிருக்கும் என்பதை இதிலிருந்து கணித்துக்கொள்ளலாம்.

முதலில் அளந்து பாருங்கள்

நம் பேச்சுவழக்கில் 'சதை போட்டிருக்கு' என்றால் பருத்துவிட்டார் என்று பொருள். இந்தச் சொல் பல வீடுகளில் கண்ணை மறைத்துவிடுகிறது. பாம்பன் சின்னப்பாலத்தில், இளவயது முதல் கடலில் இறங்கிப் பாசி எடுத்துவந்த ஒரு தாயார், முட்டிவலியால் நான்கு ஆண்டுகளாக வீட்டிலேயே இருக்கிறார். எடை கூடியிருக்கிறது, வயிறு பருத்திருக்கிறது. அதே வேளையில் தரையிலிருந்து எழ அவரால் முடியவில்லை. கொழுப்பு கூடிக்கொண்டே போகத் தசை குறைந்துகொண்டே வரலாம். எனவே எடை இயந்திரத்தை மட்டும் நம்பாமல், கீழ்க்காணும் சோதனைகளை வீட்டிலேயே செய்யுங்கள்.

பெரியவரை நாற்காலியில் அமர்த்தி, பாதம் தரையில் முழுமையாகப் படியுமாறு வைத்து, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் தையல் நாடாவை இறுக்காமல் சுற்றுங்கள். ஆசிய நாடுகளுக்கென 2019இல் திருத்தி வெளியிடப்பட்ட மருத்துவ வழிகாட்டுதலின்படி, சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் தசையிழப்பை ஐயுற வேண்டும். நாடா இல்லையென்றால், அவரது இரு கைகளின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வளையமாக்கிக் கெண்டைக்காலைச் சுற்றச் சொல்லுங்கள். விரல்கள் ஒன்றையொன்று தொட்ட பிறகும் காலுக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அது நல்ல அறிகுறியன்று. அளப்பதற்குமுன் முன்னங்காலின் எலும்பின்மேல் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்திப் பார்க்கவும். குழி விழுந்தால் காலில் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். இதய நோயாளிகளிடமும் சிறுநீரக நோயாளிகளிடமும் இந்த நீர், மெலிவை மூடி மறைத்துவிடும்; அப்போது சுற்றளவையும் நம்ப முடியாது, எடையையும் நம்ப முடியாது.

அடுத்தது வலுவைப் பார்ப்பது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்துமுறை தொடர்ந்து எழுந்து அமர எத்தனை நொடிகள் ஆகின்றன என்று கைபேசியில் பாருங்கள். பன்னிரண்டு நொடியோ அதற்கு மேலோ ஆனால் கால் வலு குறைந்திருக்கிறது. ஆறு மீட்டர் தூரத்தை வழக்கமான நடையில் கடக்க ஆறு நொடிக்குமேல் ஆவதும் அதே செய்தியைச் சொல்கிறது. நம்மவர்கள் சொல்லும் சிறு சிறு மாற்றங்களுக்கும் நான் அதே மதிப்பைத் தருகிறேன்: குடத்தை இடுப்பில் ஏற்ற முடியவில்லை, பேருந்தின் முதற்படி உயரமாகத் தெரிகிறது, பாட்டில் மூடியைத் திறக்கப் பேரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்பவையெல்லாம் அளவுகோல்களே.

மருத்துவரிடம் முதலில் செல்ல வேண்டிய நிலைகள்

முயற்சி எதுவுமின்றி ஆறு மாதத்தில் எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோ இருந்தவருக்கு 3 கிலோ, குறைந்திருந்தால் காரணத்தைக் கண்டறியாமல் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை ஆகியவை இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். ஒரு கால் மட்டும் மெலிவது, ஒரு தொடையில் கடும் வலியோடு சதை குறைவது, தசை துடிப்பது, விழுங்குவதில் தடுமாற்றம் ஆகியவை நரம்புச் சிக்கலின் அடையாளங்களாக இருக்கலாம். மூட்டுவலிக்கோ மூச்சிரைப்புக்கோ என்று பெயர் தெரியாத மாத்திரைகளையும் பொடிகளையும் நெடுநாள் உட்கொண்டவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் தொடையும் இடுப்பும் வலுவிழக்கும். அதற்காக அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

நான் அதிகம் வருந்துவது இந்த இடத்தில்தான். நாட்டிலேயே மீன் மலிவாகவும் புதிதாகவும் கிடைக்கும் கரைகளில் ஒன்றில் வாழ்ந்துகொண்டு, நோயாளிக்கு மட்டும் அதை மறுக்கிறோம். மீன் சாப்பிட்டால் புண் ஆறாது என்ற நம்பிக்கை ஆழமாக வேரோடியிருக்கிறது. உண்மையில் புண் ஆறுவதற்கும் தசை கட்டுவதற்கும் வேண்டிய மூலப்பொருள் புரதமே. குறிப்பிட்ட ஒரு மீன் ஒவ்வாமல் தடிப்போ அரிப்போ வந்தவர்கள் அதைத் தவிர்ப்பது சரி. எல்லா மீனையும் எல்லாரும் தவிர்ப்பது சரியன்று.

கணக்கு எளிது. நலமாக உள்ள முதியவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். நாட்பட்ட நோய் உள்ளவருக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் இதற்கு விலக்கு. அவர்களைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன். ஆகவே 50 கிலோ எடையுள்ள, சர்க்கரையோ நுரையீரல் நோயோ உள்ள ஒரு தாயாருக்கு 60 கிராமாவது தேவை. அவர் காலையில் மூன்று இட்லியும், மதியம் ரசம் சோறும், இரவில் கஞ்சியும் உண்டால், நாள் முழுவதற்கும் சேர்த்து 20 கிராமைச் சற்றே தாண்டுவார். வயிறு நிறைந்திருக்கும், கால் மெலிந்துகொண்டே போகும்.

இந்தப் பள்ளத்தை நிரப்ப விலையுயர்ந்த சத்துமாவு டப்பாக்கள் தேவையில்லை. சுத்தம் செய்த சாளையோ காரலோ நெத்திலியோ 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. சீலா மீனும் பாறை மீனும் விலையில் உயர்ந்தவையே தவிர, புரதத்தில் சாளையைவிட மேலானவை அல்ல. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 கிராம், ஒரு கைப்பிடிப் பொட்டுக்கடலையிலோ வறுத்த நிலக்கடலையிலோ 6 முதல் 7 கிராம் கிடைக்கும். காலையில் இட்லியோடு இரண்டு முட்டை, மதியம் உள்ளங்கை அளவு மீன், மாலையில் சுண்டல், இரவில் மீண்டும் சிறிது மீன் அல்லது பருப்பு, படுக்குமுன் பால் என்று அமைத்தால் 60 கிராமை எட்டிவிடலாம். எல்லாவற்றையும் மதியம் ஒரே வேளையில் கொட்டிவிடுவதைவிட மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுப்பது நல்லது. முதிய தசைக்கு ஒவ்வொரு வேளையும் போதிய புரதம் கிடைத்தால்தான் அது கட்டும் வேலையை நன்கு தொடங்குகிறது என்பதால், வயதானவரின் காலை உணவில்தான் முதலில் கை வைக்க வேண்டும்.

பல் இல்லாதவர்களுக்கு மீனை மென்று விழுங்குவது இயலாது. முள்ளைப் பற்றிய அச்சமும் உண்டு. சுறாப்புட்டு செய்வதுபோலவே பாறை, விளை போன்ற மீன்களையும் அவித்து, முள் நீக்கி உதிர்த்து, சின்ன வெங்காயமும் மஞ்சளும் சேர்த்து வதக்கிக் கொடுங்கள். தங்கச்சிமடத்துப் பெரியவருக்கு இதைத்தான் முதலில் தொடங்கினோம். அவரது மருமகள் முதல் நாள் இரண்டு கரண்டி வைத்துவிட்டு, "மாமா, ஒத்துக்கிருச்சா?" என்று மூன்று முறை கேட்டார். ஒன்றும் ஆகவில்லை, நான்காம் நாள் அவரே கேட்டு வாங்கி உண்டார்.

கஞ்சிதான் இறங்குகிறது என்றால் கஞ்சியையே மாற்றலாம். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் நோன்புக் காலத்தில் காய்ச்சும் கஞ்சியில் பருப்பும் இறைச்சியும் கரைந்திருக்கும். அதை நோன்புக்கு மட்டும் ஒதுக்காமல் நோயாளிக்கு ஆண்டு முழுவதும் காய்ச்சலாம். நோன்பு வைக்க விரும்பும் முதியவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிட்டு, சஹர் எனும் விடியலுக்கு முந்தைய உணவில் முட்டையோ மீனோ தவறாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கருவாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புரதம் நிறைந்ததுதான், ஆனால் உப்பும் அதே அளவுக்கு நிறைந்தது. இதய நோய், சிறுநீரக நோய், இரத்த அழுத்தம் ஆகியவை உள்ளவர்கள், கழுவிச் சமைத்தாலும் அதைத் தவிர்ப்பதே நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாட்களில் மீன் விலை ஏறும்; அந்த இரண்டு மாதமும் முட்டையும் பருப்பும் கொண்டைக்கடலையும் கைகொடுக்கட்டும், கருவாடு வேண்டாம்.

காலுக்கு வேலை கொடுப்பது

உணவு செங்கல் என்றால் பயிற்சியே கொத்தனார். வெறும் நடை போதாது. நடை இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது, ஆனால் தசை தடிக்க எடையை எதிர்த்து வேலை செய்ய வேண்டும். 1990இல் வெளியான ஒரு பாஸ்டன் ஆய்வில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த சராசரி 90 வயதுடைய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் எடைப் பயிற்சி அளித்தார்கள். அவர்களது கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. 'இனி என்ன தேறப்போகிறது' என்று சொல்லும் வீடுகளில் நான் முதலில் சொல்வது இந்தச் செய்தியைத்தான்.

அடிப்படைப் பயிற்சி நாற்காலியிலிருந்து எழுவதே. பிளாஸ்டிக் நாற்காலி சிமெண்ட் தரையில் வழுக்கும். அதைச் சுவரோடு ஒட்டி வையுங்கள், முடிந்தால் மர நாற்காலியைப் பயன்படுத்துங்கள். பெரியவர் இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னே சாய்ந்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழ வேண்டும். பலர் நிமிர்ந்தபடியே எழ முயல்கிறார்கள், அதனால்தான் தோற்கிறார்கள். முன்னே சாயக் கற்றுக்கொண்ட அன்றைக்கே பாதிப் பேர் ஒருவர் துணையோடு எழுந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். எழுந்ததைவிட மெதுவாக, மூன்று எண்ணும் அளவுக்கு நேரம் எடுத்து அமர வேண்டும். தொப்பென்று விழுந்தால் பாதிப் பயன் வீணாகும். முதலில் இயலாவிட்டால், இருக்கையின்மேல் மடித்த போர்வைகளை அடுக்கி உயரத்தைக் கூட்டுங்கள். வாரத்துக்கு ஒரு மடிப்பாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

இதனோடு மூன்று பயிற்சிகள் போதும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது கெண்டைக்காலுக்கு. சுவரில் கைகளை ஊன்றி மார்பைச் சுவர்ப்பக்கம் கொண்டுசென்று தள்ளி வருவது தோளுக்கு. அமர்ந்தபடி முட்டியை நீட்டி ஐந்து நொடி நிறுத்துவது தொடைக்கு. ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள், இடையில் ஒரு நாள் ஓய்வு விட்டுச் செய்ய வேண்டும். கடைசி இரண்டு முறை கடினமாக இருக்க வேண்டும் என்பதே சரியான அளவு. பன்னிரண்டும் எளிதாகிவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோ. அதிலேயே காய்ந்த கடல்மணலை நிரப்பினால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. துணிப்பையில் மணலைத் தைத்துக் கணுக்காலில் கட்டினால் எடைப்பட்டை தயார்.

வெயில் ஏறுமுன் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். கடற்கரை மணலில் நடப்பது நல்ல பயிற்சிதான். ஆனால் தடுமாற்றம் உள்ளவர்களும், சர்க்கரையால் பாதம் மரத்தவர்களும் அங்கே நடக்கக் கூடாது. சங்கும் சிப்பியும் குத்தியதுகூடத் தெரியாமல் புண் வைத்துவிடும்.

நோய்க்கேற்ற மாற்றங்கள்

சிறுநீரக நோயில், டயாலிசிஸ் தொடங்காத நிலையில், புரதத்தைக் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் வைத்துக்கொள்ள மருத்துவர்கள் அறிவுறுத்துவார்கள். டயாலிசிஸ் தொடங்கியபின் கணக்குத் தலைகீழாகிறது. ஒவ்வொரு முறையும் 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலங்கள் வெளியேறிவிடுவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவைப்படுகிறது. பழைய பத்தியத்தையே தொடர்ந்து மெலிந்துபோன பலரைப் பார்த்திருக்கிறேன்; டயாலிசிஸ் தொடங்கிய வாரத்திலேயே புதிய உணவு அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இளநீர், வாழைப்பழம், கருவாடு ஆகியவற்றில் கட்டுப்பாடு தொடரும். பயிற்சியை டயாலிசிஸ் இல்லாத நாளில் வைத்துக்கொள்வது எளிது.

நுரையீரல் நோயாளிகள் உதட்டைக் குவித்து மூச்சை ஊதிக்கொண்டே எழ வேண்டும். ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் இடையே மூச்சு அடங்கும்வரை காத்திருக்கலாம். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக் கூடாது. இதய நோயாளிகள் மூச்சை அடக்கி எடை தூக்கக் கூடாது. நெஞ்சுவலி, படபடப்பு, கண் இருளுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

காசநோயாளிகளுக்கு எடையே உயிர். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், சிகிச்சை தொடங்கிய இரண்டு மாதங்களுக்குள் 5 விழுக்காடு எடை கூடியவர்களிடம் இறப்புக்கான வாய்ப்பு 61 விழுக்காடு குறைந்திருந்தது. ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த அரசு உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. அந்தப் பணம் நோயாளியின் தட்டுக்கு முட்டையாகவும் மீனாகவும் வந்து சேருகிறதா என்று வீட்டார் பார்க்க வேண்டும்.

வெளியே வர இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால் பதிவு செய்துகொள்வார்கள்.

மாற்றத்தை எதிர்பார்க்கும் காலம்

முதல் இரண்டு மூன்று வாரங்களில் கால் பருக்காது. ஆயினும் எழுவது எளிதாகும், ஏனெனில் நரம்பு தசையை இயக்கக் கற்றுக்கொள்வது முதலில் நிகழ்கிறது. நாடாவில் மாற்றம் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். ஒரு நோட்டில் மாதம் ஒருமுறை எடை, கெண்டைக்கால் சுற்றளவு, ஐந்துமுறை எழுந்த நேரம் ஆகிய மூன்றையும் எழுதிவாருங்கள். தங்கச்சிமடத்துப் பெரியவரின் நோட்டில் முதல் மாதம் 'முடியவில்லை' என்றும், இரண்டாம் மாதம் 31 நொடி என்றும், நான்காம் மாதம் 17 நொடி என்றும் இருக்கிறது. சுற்றளவு ஒரு சென்டிமீட்டர்தான் கூடியது.

இடையில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் பயிற்சியை நிறுத்துங்கள், உணவை நிறுத்தாதீர்கள். மீண்டும் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், மருத்துவர் தடுக்காதவரை, கட்டிலில் சாய்த்து ஊட்டாமல் அமர்த்தி உண்ணச் செய்யுங்கள், கழிப்பறைக்குக் கைபிடித்து நடத்திச் செல்லுங்கள், படுத்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். வீடு திரும்பிய மறுநாளே, முன்பு செய்த எண்ணிக்கையில் பாதியிலிருந்து நாற்காலிப் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள்.